கடலுக்குக் கீழே ஒரு தெரு

மார்ச் 4

தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு மாதமாக உங்கள் கைப்பேசி என் எண்ணை எடுப்பதில்லை. அதனால் அம்மாவிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன். இது சண்டைக் கடிதம் இல்லை, சமாதானக் கடிதமும் இல்லை. தொழில் சம்பந்தமாக ஒரே ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் போதும்.

ரயில் நிலையத் தெருவில் இருக்கும் விளக்குக் கம்பங்கள் பக்கவாட்டில் எவ்வளவு இழுப்பைத் தாங்கும்?

ஏன் என்று சொல்லாவிட்டால் உங்களிடமிருந்து பதில் வராது. எனக்குத் தெரியாதா? நாடக அரங்கைப் பூட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் நீங்கள் வரைந்து கொடுத்த நான்கு மாடி வண்டி நிறுத்தம் வரப்போகிறது; மழைக்காலத்துக்கு முன் இடித்துவிடுவார்களாம். மேடைக்குப் பின்னால் நாற்பத்திரண்டு படுதாக்கள் சுருட்டிக் கிடந்தன. பாதி நான் பதினாறு வருடத்தில் தீட்டியவை. மீதி எனக்கு முன்னால் அந்த ஏணியில் நின்றவர்கள் தீட்டியவை. "எடுத்துட்டுப் போங்க சார், இல்லன்னா குப்பை வண்டியில ஏத்திடுவாங்க" என்றார் மேலாளர்.

கடல் படுதாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெயிலில் காயப்போட வேண்டும். இருபத்தெட்டு அடித் துணியை எந்தக் கொடியில் காயப்போடுவது? அரங்கின் மாடி ஜன்னலிலிருந்து எதிரே தையல்காரம்மா வீட்டு மாடி வரைக்கும் கயிறு கட்டித் தெருவின் குறுக்கே விரித்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் கீழே கூட்டம். போன வாரம் அதே இடத்தில்தான் தபால்காரம்மா வெயில் தாளாமல் மயங்கி விழுந்தார். மறுபடியும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். யாரும் விழவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் தெருவை அகலப்படுத்தி ஏழு வருடமாக அங்கே ஒரு மரம் கிடையாது, ஒரு நிழல் கிடையாது. நான் பூசுவது மெல்லிய சாயம். வெயில் அதை ஊடுருவி வரும். தார் ரோடு முழுக்க நீலம். பேருந்துக்கு நிற்பவர்கள் முகமெல்லாம் நீலம். தையல்காரம்மா கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என் கை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே!" என்றார்.

நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா.

(மேலே இருக்கும் வரி தவறுதலாக வந்துவிட்டது. அடிக்க மனமில்லை. கண்டுகொள்ள வேண்டாம்.)

இன்னும் நான்கு படுதாக்களைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டலாம் என்று இருக்கிறேன். கேள்விக்குப் பதில் அனுப்பவும்.

இப்படிக்கு,
படுதா ஓவியர்


மார்ச் 15

சுண்டு,

கம்பத்தில் எதையும் கட்டாதே.

விளக்குக் கம்பம் விளக்கைத் தாங்குவதற்கு. அத்தனை பெரிய துணி காற்றைப் பிடித்தால் அது துணி இல்லை, கப்பலின் பாய். கம்பம் கப்பலாகாது, சாயும்.

சுவரில் கொக்கி அடி. செங்கல்லில் வேண்டாம், கான்கிரீட் உத்திரத்தில் அடி. துணியில் அங்கங்கே பிறை மாதிரிக் கீறல் விடு, காற்று வெளியே போகட்டும். ஒரு பக்கம் கனமான கயிறு, மறுபக்கம் மெல்லிய கயிறு. அறுந்தால் மெல்லியது மட்டும் அறுந்து, துணி சுவரோடு தொங்கும். யார் தலையிலும் விழாது. இதையெல்லாம் செய் என்று சொல்லவில்லை. நீ செய்யாமல் இருக்கமாட்டாய், அதனால் சொல்கிறேன்.

'பொறியாளர் அவர்கள்' என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. வண்டி நிறுத்தம் பற்றிய மன்றக் கூட்டத்தில் எழுபது பேர் முன்னால் நீ எனக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கவில்லை. "இவங்களுக்கு மனுஷங்கன்னா வண்டிக்குள்ள இருக்கிற சாமான்" என்றாய். நானும் சும்மா இருக்கவில்லை. "படம் போடறவனுக்கு ஊர் எப்படி நிக்குதுன்னு என்ன தெரியும்?" என்று கேட்டேன். சரிக்குச் சரி.

இந்தப் புது ஊரில் எனக்கு ஏழாவது மாடியில் அலுவலகம். மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு எழுதாத காகிதம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. வண்டிகள் போகின்றன. ஆள் இல்லை.

அக்கா

மறந்துவிட்டேன். ஒரு வெப்பமானி வாங்கு. மதியம் இரண்டு மணிக்குத் தலை உயரத்திலும் தார் மேலும் வெப்பம் எடு. படுதாவுக்கு அடியில் ஒன்று, வெளியில் ஒன்று. சும்மா, தெரிந்துகொள்ளத்தான். அப்புறம், எந்தக் கடல்? அலையே இல்லாத அதுவா?


ஏப்ரல் 2

அக்கா,

ஆமாம், அலையே இல்லாத அதுதான். உனக்கு ஞாபகம் இருக்கிறது!

சொன்னபடி உத்திரத்தில் கொக்கி, கனக் கயிறு, மெல்லிய கயிறு. பிறைக் கீறல்களுக்குத் தையல்காரம்மா ஓரம் அடித்துக் கொடுத்தார். இப்போது ஐந்து படுதாக்கள். நிலையத்திலிருந்து வந்தால் முதலில் கடல், அடுத்து மழைக்காடு, அதற்கடுத்து அரண்மனை மண்டபம், பிறகு சாயங்கால மேகம், கடைசியில் ஜன்னல்கள் நிறைந்த ஒரு வீதி. உச்சி வெயிலில் ஒருவர் கடலுக்கு அடியில் இறங்கி, காட்டுக்குள் புகுந்து, அரண்மனையைக் கடந்து, அந்திக்குள் நடந்து போகிறார். மேகத்துக்குக் கீழே ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி ரெண்டுதான் ஆகுதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கே சந்தேகமாக இருந்தது. எல்லாரும் கொஞ்சம் மெதுவாக நடக்கிறார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். தூக்கத்தில் நடப்பவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல, வண்டிக்காரர்கள் ஒலி எழுப்பாமல் ஊர்ந்து போகிறார்கள்.

நீ கேட்ட கணக்கு: தலை உயரத்தில் வெளியே நாற்பத்தொன்று, உள்ளே முப்பத்தெட்டு. தார் மேல் வெளியே அறுபத்து மூன்று, உள்ளே நாற்பத்து நான்கு. நம்பவில்லை, மூன்று நாள் எடுத்தேன். இன்னொன்று நீ கேட்காதது. கண்ணாடிக் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லாததால், தெருவில் போனவர் வந்தவரை எண்ணிக்கொண்டு உட்கார்வது பழக்கம். படுதாவுக்கு முன்பு மதியம் ஒரு மணி நேரத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் நடந்தார்களாம். இப்போது நானூறுக்குப் பக்கம். "இனிமே எண்ணச் சொல்லாதீங்க, கடையில ஆள் நிக்கிறாங்க" என்கிறார்.

மேடை இல்லாத நம் நடிகர்கள் நாலு மணிக்கு மண்டபத்துக்குக் கீழே ஒத்திகை பார்க்கிறார்கள். காட்டுக்குக் கீழே பாட்டு வகுப்பு. நிலையத்துக்கு வண்டியில் வந்தவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, நடப்பதற்காகவே நடந்து வருகிறார்கள். உன் வண்டி நிறுத்தத்தில் நிறுத்த வண்டி இருக்குமா தெரியவில்லை. கோபிக்காதே, வேடிக்கைக்குச் சொன்னேன். பாதி வேடிக்கை.

இப்போது விஷயம். மாநகராட்சியிலிருந்து அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: அனுமதியில்லாத தொங்கல்கள், ஒரு மாதத்தில் அகற்ற வேண்டும். வட்டார அலுவலர் நல்ல மனுஷன். "எனக்கும் பிடிச்சிருக்குங்க. ஆனா தெருவை வடிவமைச்ச பொறியாளர் பாதுகாப்புன்னு கையெழுத்துப் போட்டாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றார்.

தெருவை வடிவமைத்த பொறியாளர் யார் என்று உனக்குத் தெரியும். ஒரு கையெழுத்து, அக்கா.

சுண்டு


ஏப்ரல் 14

சுண்டு,

முடியாது.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். காகிதத்தை மடித்து உறையில் வைத்து, மறுபடியும் எடுத்துப் பிரித்து எழுதுகிறேன்.

நான் இங்கே வந்தது பதவிக்காக என்று நீ நினைக்கிறாய். உன் மேல் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று அம்மா நினைக்கிறாள். இரண்டும் இல்லை. போன வருடம் கண்காட்சித் திடலின் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு வைத்தார்கள். மூங்கிலும் துணியும்தான், அழகாக இருந்தது. திறப்பு விழா நெருங்கிவிட்டது என்று அவசரப்படுத்தினார்கள். நான் மாலையில் போய்ப் பார்த்தேன், அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் காற்றில் சாய்ந்தது. கீழே சைக்கிளில் போனவர் ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவர். முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது.

எதிர்பாராத காற்று என்று விசாரணையில் எழுதி என்னை விட்டுவிட்டார்கள். மூன்று முறை மருத்துவமனைக்குப் போனேன். மூன்று முறையும் வாசலோடு திரும்பினேன். மன்றக் கூட்டம் அதற்கு அடுத்த வாரம். மனிதர்கள் எனக்குச் சாமான் என்று நீ எழுந்து சொன்னபோது, உனக்கு எல்லாம் தெரிந்துதான் சொல்கிறாய் என்று ஒரு கணம் நினைத்தேன்.

உன் தெரு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்த நீலம் தெரிகிறது. ஆனால் நீலத்துக்குக் கீழே நானூறு பேர் நடக்கிறார்கள். மே மாதக் காற்று வருவதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலைந்து தடவை படித்தேன். அன்று கூட்டத்தில் பேசியதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. எனக்கு எதுவும் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது.

இறக்கிவிட்டேன். இனி கவலைப்படாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கொஞ்சம் கைவேலை இருப்பதால் தையல்காரம்மா எழுதித் தருகிறார்.

(அம்மா, நான் தையல்காரி. உங்க தம்பி சொல்றதை அப்படியே எழுதுறேன், ஆனா பொய்யை எழுத என் கை வராது. கைவேலை ஒண்ணும் இல்லை. வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல முறிஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருக்கு. உங்க கடுதாசி வந்த மறுநாளே இறக்க ஆரம்பிச்சாரு. நாலு இறக்கியாச்சு. கடலை இறக்குறதுக்குள்ள காத்து வந்திடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே மெல்லிசுக் கயிறு மட்டும் அறுந்து, துணி சுவரோட தொங்குச்சு. கீழே நின்ன ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. இவர்தான் அதைக் காப்பாத்துறேன்னு ஏணியில ஏறி விழுந்தாரு. என்ன எழுதுறேன்னு எட்டிப் பாக்குறாரு. தெருக்கணக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்கேன்.)

தெரு பழையபடி ஆகிவிட்டது. மதியத்தில் யாரும் வருவதில்லை. பாட்டு டீச்சர் வகுப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொள்கிறார்கள்.

வேறொன்றுமில்லை.

சுண்டு

(மருத்துவர் விரல் அசையும்னு சொன்னாரு. மெல்லிசுக் கோடு போட வருமான்னு கேட்டதுக்கு, அடுத்த ஆளை வரச் சொல்லுங்கன்னுட்டாரு.)


மே 14

சுண்டு,

தையல்காரம்மாவுக்கு என் வணக்கம். பொய்யை எழுதாத கைக்கு.

உன்னைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினேன். கிழித்துப் போட்டேன். நேற்று மதியம் இறங்கித் தெருவில் நடந்தேன், இந்த ஊருக்கு வந்து முதல் முறையாக. கொஞ்ச தூரத்திலேயே தலை சுற்றியது. ஒரு கட்டடத்தில் வர்ணம் பூசுபவர்கள் பச்சை வலை கட்டியிருந்தார்கள். அதன் அடியில் ஒதுங்கினேன். என் கையும் காலும் பச்சையாயின. பக்கத்தில் ஒரு பெரியவர், மூட்டையோடு ஒரு பெண், யாரும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் பேசினோம். எதைப் பற்றி என்றால் ஒன்றுமில்லை, வெயிலைப் பற்றி. பத்து மாதமாக இந்த ஊரில் அலுவல் இல்லாமல் நான் யாரிடமும் பேசியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அங்கே நிற்கும்போது ஒன்று யோசித்தேன். எத்தனை பேர் எந்த வேகத்தில் ஒரு தெருவைக் கடப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று என் வரைபடம் எதிலும் எழுதியதில்லை. நிழல் மட்டும் போதும் என்றால் தகரக் கூரை போட்டிருக்கலாம். தகரத்துக்குக் கீழே நானூறு பேர் வரமாட்டார்கள்.

இப்போது என்னுடைய முறை. தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி. நாடகத்தில் காட்சி மாறும்போது அத்தனை பெரிய படுதா கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறதே, எப்படி? மின்சாரம் இல்லாமல், ஒரே ஆள் எப்படிச் செய்கிறார்? ஒன்றையும் விடாமல் சொல். கயிற்றின் கனம், முடிச்சின் வகை, எல்லாம்.

அக்கா


மே 25

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நடுத்திரை, அதாவது காட்சிப் படுதா, இரண்டு கம்பிகளில் வளையங்களால் ஓடும். ஓரத்திலிருந்து ஒரு கயிறு கப்பி மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். அதன் நுனியில் மணல் மூட்டை. மூட்டை எப்போதும் திரையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் ஓர் இழுப்பு முடிச்சுதான் திரையை விரித்துப் பிடித்திருக்கும். முடிச்சின் வாலைச் சுண்டினால் மூட்டை இறங்கும், திரை ஓடி ஓரத்தில் ஒதுங்கிவிடும். நாலு நொடி. பலம் வேண்டாம். தபால்காரம்மாவைக் கூட்டிவந்து அரங்கில் இழுக்கச் சொன்னேன். ஒரு விரலால் செய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

புரிகிறதா? நாம் எதையும் செய்யாவிட்டால் திரை தானாக ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். யாராவது வேண்டும் என்று பிடித்திருந்தால்தான் விரிந்திருக்கும்.

நீ எதற்குக் கேட்கிறாய் என்று தெரிகிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி முடிக்கிறேன். உன்னை அவசரப்படுத்த மாட்டேன். அந்தக் கையெழுத்து எவ்வளவு கனம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சுண்டு


ஜூலை 11

அக்கா,

உன் வரைபடங்கள் வந்த நாளில் தையல்காரம்மா கடை மேசையில் விரித்துவைத்து எல்லாரும் பார்த்தோம். சுவருக்குச் சுவர் எஃகுக் கம்பி, கப்பி, மணல் மூட்டைக்குக் கூண்டு, ஒவ்வொரு படுதாவுக்கும் ஆள் உயரத்தில் ஒரு முடிச்சு. 'காற்றுமானி சிவப்பைத் தொட்டால் அருகில் நிற்கும் யாரும் அவிழ்க்கலாம்' என்று நீ எழுதியிருந்ததைக் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு முறை வாசித்தார். கீழே உன் கையெழுத்து. நான் அதன் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மன்றம் கூடியது. வண்டி நிறுத்தத்தைப் பாதியாகக் குறைக்க, அதை வரைந்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றதும் சலசலப்பு. உறுப்பினர் ஒருவர் எழுந்து, "படம் பாத்துக்கிட்டு நடக்கிறதெல்லாம் ஒரு வாரம். அப்புறம் அலுத்துடும். அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் தையல்காரம்மா பின் வரிசையிலிருந்து, "அலுத்தா வேற படம் போடுவோம். ரோடு அலுத்தா என்ன பண்றதுன்னு இத்தனை வருஷமா நீங்க சொல்லலையே?" என்றார். தலைவரே சிரித்துவிட்டார்.

முடிவைச் சொல்கிறேன். பத்து மணி முதல் ஐந்து மணி வரை தெருவில் வண்டிகள் கூடாது. முதலில் ஒரு வருடத்துக்கு அனுமதி, பிறகு பார்ப்பார்களாம். அரங்கின் முன்பாதி இடியும், அதைக் காப்பாற்ற முடியவில்லை. மேடையும் அதன் பின்கட்டும் நிற்கும். படுதா தீட்டவும் வைக்கவும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் இருக்கைகளைப் பெயர்த்து எடுத்தபோது நான் உள்ளே போகவில்லை.

கட்டுப் பிரித்தாயிற்று. மெல்லிய கோடு வரவில்லை அக்கா. தூரிகை நடுங்குகிறது. ஆனால் அகலத் தூரிகையைத் தோளிலிருந்து வீசினால் வருகிறது. பாட்டு டீச்சரும் நடிகர்களும் கோடு போட, நான் நிறம் மட்டும் பூசுகிறேன். புதிதாக ஒன்று தீட்டுகிறோம். என்ன என்று சொல்லமாட்டேன்.

சுண்டு


ஆகஸ்ட் 23

சுண்டு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. தையல்காரம்மா கடையில், அவர் கொடுத்த கணக்கு நோட்டுத் தாளில் எழுதுகிறேன். நீ எதிர்ச் சுவரில் ஏணி மேல் நிற்கிறாய். முதுகு இந்தப் பக்கம். "கொஞ்சம் இடது... அய்யோ, அது வலதுங்க!" என்று யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாய்.

நான் நேராக இங்கே வரவில்லை. காலையில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை வாசலோடு திரும்பவில்லை. "அந்த வளைவுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றேன். அவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "உக்காருங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புறப்படும்போது, "இப்ப என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். இந்தத் தெருவைப் பற்றிச் சொன்னேன். காற்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முடிச்சையும் மூட்டையையும் தாளில் வரைந்து காட்டினேன். கடிகாரக்காரர் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டார். கப்பிக்கு அடியில் ஒரு தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை வேகமாக இறங்கும்போது கயிறு பிசகும் என்றார். அவர் சொல்வது சரி. நாளைக்கே மாற்ற வேண்டும்.

பிறகு நிலையத்திலிருந்து நடந்து வந்தேன். இது என் தெரு. அளந்து, வெட்டி, தார் போட்ட தெரு. ஒரு அடி கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலத்துக்குள் இறங்கினேன். காலடிச் சத்தம் கூட மெத்தென்று கேட்டது. யாரோ ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒருவர் செய்தித்தாளை மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் ஒரு மேகம் ஊர்ந்தது. நான் மேலே கொக்கிகளை எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எண்ணவில்லை. சும்மா நடந்தேன்.

நீ சொல்லாமல் வைத்திருந்த படுதாவையும் பார்த்துவிட்டேன். மரங்கள். தெருவை அகலப்படுத்தியபோது நான் வெட்டச் சொன்ன பதினொரு மரங்களும், நின்ற இடத்தில் நின்றபடியே. குத்திக் காட்டத் தீட்டவில்லை என்று தெரிகிறது. அதற்காக என்றால் இவ்வளவு பச்சையாகத் தீட்டியிருக்கமாட்டாய். சுவரோரம் தார் இல்லாமல் ஒரு முழம் விட்டால் அந்தப் பதினொன்றையும் நிஜமாகவே நடலாம். வளரும் வரைக்கும் துணி தாங்கட்டும். அதற்கு வரைபடம் என் பையில் இருக்கிறது. அங்கே வேலையை விட்டுவிட்டேன், அதை அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

இப்போது நீ வர்ண வாளியைக் கயிற்றில் கீழே விடுகிறாய். தையல்காரம்மா இந்தத் தாளை அதற்குள் போட்டு அனுப்பப் போகிறார்.

படித்துவிட்டுத் திரும்பிப் பார். ஏணியில் அவசரப்படாமல் இறங்கு. இரண்டு கையாலும் பிடித்துக்கொள். நான் எங்கேயும் போகவில்லை.

அக்கா